தென்சென்னை தொழில்நுட்ப நகராகிய வரலாறு

கோட்டூர்புரம் பாலத்தைக் கடந்து, தரமணி வழியாகத் தெற்கு நோக்கிச் செல்வோர் இன்று சாலையின் இருமருங்கிலும் கண்ணாடி பதித்த உயர்ந்த மாளிகைகளைக் காண்கின்றனர். நம் சமூகத்து இளைஞர் பலர் அம்மாளிகைகளில் பணிபுரிகின்றனர். அங்கு நுழைய வேண்டும் என்னும் ஆவலோடு படித்து வருவோர் அவர்களினும் பலர். இம்மாளிகைகள் எப்போது தோன்றின என்று வினவினால், 2000ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர் என்று பெரும்பாலோர் விடையிறுப்பர். இவ்விடை முற்றிலும் தவறன்று. ஆயினும் அறுவடை நாளைக் கண்டு அதுவே விதைத்த நாள் என்று கொள்வதற்கு ஒப்பாகும்.

ஓரூரில் தொழில்நுட்பம் வேரூன்றித் தழைப்பதற்குக் காரணங்கள் யாவை? பணம் மிக்க ஊர்கள் பல உள. நிலம் மலிவாகக் கிடைக்கும் ஊர்களும் பல உள. உயர்ந்த கட்டடங்களைக் கட்டிவிட்டு ஆள்வரவு காணாத ஊர்களும் உலகில் உண்டு. அவையெல்லாம் தொழில்நுட்ப மையங்கள் ஆகவில்லை. தென்சென்னை ஆயிற்று. அது எவ்வாறு என்பதையும், அவ்வரலாற்றில் நம் சமூகம் எங்கே நின்றது, எந்த வாயில் வழியாக உள்ளே வந்தது என்பதையும் இவ்வெள்ளிவிழா மலரின் வாயிலாக இளைஞர் முன் வைக்க விரும்புகிறோம்.

எட்டுச் சிறுவர்களின் பள்ளி

1794ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி, புனித ஜார்ஜ் கோட்டையில் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. மைக்கேல் டாப்பிங் என்னும் வானியல் அறிஞர் அதற்குப் பொறுப்பேற்றார். நிலவரி வாங்கவும், ஏரி, வாய்க்கால்களைச் செப்பனிடவும் நாட்டை அளந்தறிய வேண்டிய தேவை கம்பெனிக்கு இருந்தது. இங்கிலாந்திலிருந்து அளவையாளர்களை வரவழைப்பது பெருஞ்செலவு. ஆகவே உள்ளூரிலேயே ஆட்களைப் பயிற்ற முனைந்தனர். முதலில் சேர்ந்தோர் எண்மர். அவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். அனாதை விடுதியில் வளர்ந்த சிறுவர்கள்.

இச்செய்தியை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும். தென்னாட்டின் பொறியியற் கல்வி, குலப்பெருமையோ குடும்பச் செல்வமோ இல்லாத எட்டுப் பேரிடம் தொடங்கியது. கற்பிக்க ஓர் ஆசிரியரும், கற்றதைச் செய்து பார்க்க ஒரு வேலையும் அவர்களுக்குக் கிடைத்தன, அவ்வளவே. 1802ஆம் ஆண்டில் லாம்டன் என்பார் பரங்கிமலையின் அருகே அடிக்கோடு அளந்து, இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக வகுத்து அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். அளவைக் கலைக்குச் சென்னை எத்துணை முதன்மையான இடமாக இருந்தது என்பதற்கு அதுவே சான்றாகும். ஆயின் வெயிலில் சங்கிலி பிடித்து நடந்த கூலியாட்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

அந்த அளவைப் பள்ளியே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. சேப்பாக்கத்தில் இயங்கிய அது 1920ஆம் ஆண்டில் கிண்டிக்கு இடம் பெயர்ந்தது. அன்று கிண்டி நகருக்கு வெளியே, காடும் வயலும் சூழ்ந்த இடம். கல்லூரி அங்கே சென்றதனால், பிற்காலத்தில் அதனைச் சுற்றி வேறு நிலையங்கள் எழுவதற்கு இடம் கிடைத்தது.

1940இல் அக்கல்லூரியில் பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான அ. லலிதா, கைக்குழந்தையோடு இளமையில் கணவரை இழந்தவர். இந்தியாவின் முதற்பெண் பொறியாளர்களுள் ஒருவராக வெளிவந்தார். ஒரு வாயில் திறக்கப்பட்டால், அதுவரை யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து திறமை வெளிப்படும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஊரூர்ப் பள்ளியும் பொதுச்சாலையும்

அளவைப் பள்ளி தோன்றிச் சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1894ஆம் ஆண்டில், அடையாற்றுக் கரையில் வேறொரு பள்ளி தோன்றியது. பிரம்மஞான சபையின் தலைவரான கர்னல் ஆல்காட், ஊரூர்க் குப்பத்தை அடுத்து நம் மக்களின் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் மயிலாப்பூர், தேனாம்பேட்டை, கோடம்பாக்கம் ஆகிய இடங்களிலும் அத்தகைய பள்ளிகள் ஏற்பட்டன. பண்டிதர் அயோத்திதாசர் ஆல்காட்டோடு தொடர்பு கொண்டு, 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பினார் என்பதும், 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார் என்பதும் நாம் நன்கறிந்தவை.

இந்தப் பள்ளிகளில் கற்பித்தவை எழுத்தும் எண்ணும் கைத்தொழிலுமே. உயர்ந்த பொறியியல் எதுவும் அங்கில்லை. எனினும் தொழில்நுட்ப வரலாற்றில் ஊரூர்ப் பள்ளிக்கு அளவைப் பள்ளியை ஒத்த இடம் உண்டு என்று நாம் கருதுகிறோம். எழுத்தறியாத குடியிலிருந்து பொறியாளர் தோன்ற இயலாது. மூன்று தலைமுறைக்கு முன் ஒரு குழந்தை பலகையில் எழுதிய எழுத்தே, பின்னர் பேரப்பிள்ளையின் கல்லூரிச் சான்றிதழாகிறது.

பள்ளி இருந்தாலும் பள்ளிக்குச் செல்லும் தெரு வேண்டுமன்றோ? பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்கட்டடம் ஆகியவை எல்லார்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டு வந்தவர் ஆர். வீரையன். இரண்டாண்டுகட்கு முன்னர், 1922இல், இழிவுப் பெயர்களை நீக்கி 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை ஏற்குமாறு அதே மன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தவர் எம்.சி. ராசா. அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி நகரின் தோல் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார். இப்பெரியோர்களின் பெயர்களைத் தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் குறிப்பிடுவதில்லை. ஒரே தெருவில் நடக்க இயலாத மக்கள் ஒரே பட்டறையில் நின்று பணிபுரிவது எங்ஙனம்? அறிவு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்ல, முதலில் மனிதர்கள் சந்திக்க வேண்டும். அச்சந்திப்புக்குச் சட்டவழி தேடியவர்கள் இவர்களே.

தோலும் ஆராய்ச்சிச் சாலையும்

தென்சென்னையில் தோன்றிய ஆராய்ச்சி நிலையங்களுள் நம் சமூகத்தோடு நேரடித் தொடர்புடையது, அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். அதன் வரலாறு சற்று விரிவாகக் கூறத்தக்கது.

ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் கலை நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. சுண்ணாம்புத் தொட்டியில் எத்தனை நாள் ஊற வேண்டும், பட்டைச் சாறு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், தோல் எப்போது வெந்தது என்பவற்றையெல்லாம் கையால் தொட்டும் மூக்கால் முகர்ந்தும் அறிந்தவர்கள் நம் முன்னோர். அவ்வறிவுக்கு ஊரார் இட்ட பெயர் தீட்டு. அதனால் விளைந்த பொருளோ கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்று வணிகரைச் செல்வராக்கியது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொறியியற் கல்லூரியில் ஆசிரியராக வந்த ஆல்பிரட் சாட்டர்டன், குரோம் உப்பினால் தோல் பதனிடும் முறையை அரசின் சார்பில் சோதித்துப் பார்த்தார். பட்டை முறையில் பல வாரங்கள் எடுக்கும் வேலை குரோம் முறையில் சில நாட்களில் முடியும். பின்னர் பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையினாலேயே குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்தது. அதே குரோம்பேட்டையில் 1949இல் சி. இராஜம் தம் இல்லத்தை விற்ற பணத்தைக் கொண்டு சென்னைத் தொழில்நுட்ப நிலையத்தை நிறுவினார். அப்துல் கலாம் பயின்ற இடம் அதுவேயாம்.

1948ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள் அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிலையத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதனை அடுத்தே, அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1944இல் தோன்றிய தொழில்நுட்பக் கல்லூரி இருந்தது. ஒருபுறம் மாணவர், மறுபுறம் ஆராய்ச்சியாளர், சற்றுத் தொலைவில் பதனிடும் தொழிற்கூடங்கள் என்று மூன்றும் ஒன்றுக்கொன்று கைக்கெட்டும் தூரத்தில் அமைந்தன. 1958 முதல் 1971 வரை இயக்குநராக இருந்த யலவர்த்தி நாயுடம்மா, ஆராய்ச்சிச் சாலையில் கண்டது தொழிற்கூடத்துக்குச் சென்று சேர வேண்டும் என்பதையே தம் கொள்கையாகக் கொண்டு உழைத்தார். இவர் 1985ஆம் ஆண்டு கனிஷ்கா விமான விபத்தில் மறைந்தது பேரிழப்பாகும்.

1972இல் சீதாராமையா குழு, தோலை அரைப்பதத்தில் ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுப்பொருளாக்கி விற்குமாறு பரிந்துரைத்தது. 1973 முதல் அரசு அதற்கேற்ப வரம்பு விதித்தது. பச்சைத்தோலையும் அரைப்பதத் தோலையும் விற்றுவந்த நாடு காலணியும் கைப்பையும் செய்து விற்கும் நாடாக மாறுவதற்கு ஆராய்ச்சி நிலையத்தின் அறிவு அப்போது கைகொடுத்தது. அரசின் கொள்கை, ஆராய்ச்சி, பயிற்சி, தொழிற்சாலை ஆகிய நான்கும் ஒரே திசையில் இழுத்தால் தேர் நகரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தென்சென்னையில் இல்லை எனலாம்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. தொட்டியில் இறங்கி நின்றவன் தொழிலாளி என்றும், குப்பியில் சாற்றை அளந்தவர் தொழில்நுட்ப அறிஞர் என்றும் பிரிக்கப்பட்டனர். முன்னவன் அறிவு பின்னவருக்குப் பயன்பட்டது. பின்னவர் பட்டம் முன்னவன் பிள்ளைக்குக் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. சாதி உழைப்பவர்களைத் தனித்தனிக் கூடுகளில் அடைத்துவிடுகிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் தம் எழுத்துகளில் விரித்துரைத்தார். கூடுகளுக்குள் அடைபட்ட அறிவு வளராது. ஆயிரம் ஆண்டுகளாகத் தோலறிந்த நாட்டில் தோல் அறிவியல் இத்துணைத் தாமதமாகத் தோன்றியதற்குக் காரணம் அதுவே.

கிண்டிக் கல்லூரியும் அரசியல் சட்டமும்

1950இல் சென்னை மாநிலத்தில் அரசு நடத்திய பொறியியற் கல்லூரிகள் நான்கு. அவற்றிலிருந்த மொத்த இடங்கள் 395. அவற்றை வகுப்புவாரி ஆணையின்படி நிரப்பி வந்தனர். ஒவ்வொரு 14 இடங்களிலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு.

இவ்வாணையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகள் இரண்டு. ஒன்று மருத்துவக் கல்லூரி தொடர்பானது. செண்பகம் துரைராசன் வழக்கு என்று பெயர் பெற்றது. மற்றொன்று கிண்டிப் பொறியியற் கல்லூரியில் இடம் கேட்ட மாணவர் தொடர்ந்தது. 1951ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தமிழகம் கொதித்தெழுந்தது; பெரியார் கிளர்ச்சி நடத்தினார். அதே ஆண்டு சூன் திங்களில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பிற்பட்டோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் கல்வியில் தனியிடம் ஒதுக்க வழி செய்யப்பட்டது. அப்போது சட்ட அமைச்சராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர்.

ஆக, இந்திய அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திற்குக் காரணமான வழக்குகளுள் ஒன்று கிண்டிக் கல்லூரியின் வாசலிலிருந்தே புறப்பட்டது. தொழில்நுட்ப மையத்தின் இதயமாகப் பின்னர் விளங்கிய இடத்தில், உள்ளே வரத்தக்கவர் யார் என்னும் வினா 1951இலேயே எழுந்துவிட்டது. அவ்வினாவுக்குத் தமிழகம் கண்ட விடை, வாயிலை அகலத் திறப்பதே என்பதாம். அண்ணல் தொழிலாளர் நல உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல், தாழ்த்தப்பட்ட மாணவர்களின் மேற்படிப்புக்கு உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது. இடமும் உதவித்தொகையும் சேர்ந்த பின்னரே சேரிப்பிள்ளை கல்லூரிப் படியேற இயன்றது.

மயிலாப்பூர் இல்லமும் சைதாப்பேட்டை விடுதியும்

1950களில் அரசு மேற்கொண்ட பணிகள் தென்சென்னையின் முகத்தையே மாற்றின. 1958இல் கிண்டியில் ஏறக்குறைய 400 ஏக்கர் பரப்பில் தொழிற்பேட்டை தோன்றியது. சிறு தொழில் செய்வோருக்கு ஆயத்தக் கொட்டகையும் மின்சாரமும் சாலையும் ஓரிடத்தில் கிடைத்தன. 1956இல் பிரதமர் நேரு மேற்கு ஜெர்மனிக்குச் சென்றபோது அந்நாடு உயர் தொழில்நுட்பக் கழகம் ஒன்றுக்கு உதவ முன்வந்தது. அது சென்னைக்கு வருவதற்கு அன்றைய கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் முனைந்து நின்றார். கிண்டிக் காட்டில் 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அளிக்கப்பட்டு, 1959ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் ஐ.ஐ.டி. என வழங்கும் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் திறக்கப்பட்டது. 1916இல் தொழிற்பள்ளியாகத் தொடங்கிய மத்தியப் பாலிடெக்னிக்கும் தரமணிக்கு வந்து சேர்ந்தது. அதனைச் சுற்றி அச்சுத்தொழில், நெசவு, தோல் முதலியவற்றுக்கான பயிற்சி நிலையங்களும், டாக்டர் தருமாம்பாள் பெயரால் மகளிர் பாலிடெக்னிக்கும் அமைந்தன.

இவற்றுள் எதுவும் இரண்டொரு ஆண்டுகளில் பலன் தரவில்லை. தனியார் முதலாளி ஒருவர் இத்தனை ஆண்டுகள் காத்திருந்திருக்க மாட்டார். மக்களின் வரிப்பணமே பொறுமையோடு காத்திருந்தது. அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கைத் தனியார் ஊக்கத்தின் விளைவு என்று புகழ்வோர் உண்டு. அங்கும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 1951இல் தன் நிலத்தில் தொழிற்பூங்கா அமைத்ததும், அரசின் இராணுவத் துறை தொடக்கக் காலத்தில் மின்னணுக் கருவிகளைப் பெருமளவில் வாங்கியதும் அடித்தளமாயின. பெங்களூரிலும் 1909இன் இந்திய அறிவியற் கழகமும், 1940இன் விமானத் தொழிற்சாலையும், 1948இன் தொலைபேசித் தொழிற்சாலையும் முன்னரே இருந்தமையாலேயே 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் அங்கு வந்தது எனலாம்.

நிலையங்களோடு மனிதர்களின் தொடர்பும் வேண்டும். மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் ஏகாம்ர நிவாஸ் என்னும் இல்லத்தில் அல்லாடி இராமகிருஷ்ணன் இளைஞர் சிலரைக் கூட்டி இயற்பியல் கருத்தரங்கு நடத்தி வந்தார். 1960இல் உலகப்புகழ் பெற்ற நீல்ஸ் போர் அங்கு வந்தார். அக்கூட்டமே 1962ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிலையமாகப் பிறந்து, பின்னர் தரமணியில் நிலைகொண்டது. ஒரு வீட்டின் கூடம் ஒரு நிலையமாக வளர்ந்த அருமையான வரலாறு இது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது என்ன? நூல்கள் நிறைந்த இல்லம், அறிஞரோடு பழக்கம், தகுந்த நேரத்தில் வழிகாட்ட ஒரு பெரியவர் என்பனவும் முதலீடுகளே. மயிலாப்பூரிலும், 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கிய தியாகராய நகரிலும் படித்த குடும்பங்கள் பலவற்றுக்கு இம்முதலீடு பிறப்பிலேயே அமைந்தது. நம் பிள்ளைகளுக்கு அஃது அமையவில்லை. அவர்களுக்கு அக்கூடத்தின் இடத்தை நிரப்பியவை அரசு மாணவர் விடுதிகள். சைதாப்பேட்டையில் எம்.சி. ராசாவின் பெயர் தாங்கி நிற்கும் விடுதியை நினைத்துப் பாருங்கள். வெளியூரிலிருந்து தகரப்பெட்டியோடு வந்த மாணவன், முன்னே படித்தவனிடம் பழைய புத்தகம் பெற்றதும், விண்ணப்பம் நிரப்பக் கற்றதும், நேர்முகத் தேர்வுக்குச் சட்டை இரவல் வாங்கியதும் இத்தகைய விடுதிகளிலேதான். கிண்டிக்கு எத்தனை ஆய்வுக்கூடம் தேவையோ அத்தனை விடுதியும் தேவை என்பதை ஆட்சியாளர் பலமுறை மறந்துவிடுகின்றனர்.

வாயில் அகன்றதும் மையம் வளர்ந்ததும்

1973ஆம் ஆண்டில் ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங்கணினி நிறுவப்பட்டது. அதே 1973ஆம் ஆண்டில்தான் ஐ.ஐ.டி.களில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. கழகம் திறந்து 14 ஆண்டுகள் கழிந்த பின்னர் நமக்கு வாயில் திறந்தது. மாநில அரசின் கல்லூரிகளில் அதற்கு முன்னரே திறந்திருந்தது.

1977இல் எல்காட் நிறுவனம், 1978இல் கிண்டிக் கல்லூரியையும் பிறவற்றையும் இணைத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று அடுத்தடுத்துப் படிகள் எழுந்தன. 1984 முதல் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்டன. அவற்றின் தரத்தையும் கட்டணத்தையும் பற்றிய குறைகள் பல உண்டு. எனினும் சிற்றூர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பொறியியல் படிக்க அவை வழியாயின. 1994ஆம் ஆண்டில் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுக்கு மாநிலம் தனிச்சட்டம் இயற்றி, அது அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அளவைப் பள்ளிக்குப் பின் 200 ஆண்டுகள். ஊரூர்ப் பள்ளிக்குப் பின் 100 ஆண்டுகள். 2007இல் நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்டது. 2009இல் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு வந்தது. 2010இல் குடும்பத்தின் முதற்பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை அறிவிக்கப்பட்டது.

இடஒதுக்கீட்டால் தரம் தாழும் என்று கூறியோர் அன்றும் இருந்தனர்; இன்றும் உள்ளனர். வரலாறு கூறுவதை நோக்குவோம். வாயில் அகன்ற அதே பத்தாண்டுகளில்தான் இம்மையம் வளர்ந்தது. 1997இல் மாநில அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. 2000ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் தரமணியில் 12 இலட்சத்து 80 ஆயிரம் சதுர அடியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. நிறுவனங்கள் இங்கு வந்ததற்குத் தலையாய காரணம் படித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தமையே. ஒருசில குடும்பங்களின் பிள்ளைகள் மட்டுமே படித்திருப்பின், அந்த 12 இலட்சம் சதுர அடியை நிரப்ப ஆள் எங்கிருந்து கிடைத்திருக்கும்?

பள்ளியும் பட்டறையும் அருகருகே அமைவதன் பயனும் தொடர்ந்து வெளிப்பட்டது. 1990களில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களும், அங்குப் பயின்றோர் நடத்திய மிடாஸ் நிறுவனமும் சேர்ந்து, கம்பியில்லாமல் கிராமத்திற்குத் தொலைபேசி கொண்டு செல்லும் கார்டெக்ட் முறையை உருவாக்கினர். 2010இல் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா தோன்றியது. அக்கழகத்தின் ஆதரவில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30ஆம் நாள் தன் சோதனை ராக்கெட்டைச் சீறீஅரிகோட்டாவிலிருந்து செலுத்தியது. கல்லூரிப் பட்டம் இல்லாத இளைஞர்களைத் தானே பயிற்றி வேலைக்கு அமர்த்தும் முறையைச் சென்னையில் தொடங்கிய ஜோஹோ நிறுவனம் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. 1794இல் எட்டுச் சிறுவர்களிடம் கண்ட உண்மை மீண்டும் மெய்ப்பட்டது எனலாம்.

இன்னும் திறவாத கதவுகள்

டைடல் பூங்கா திறந்த அதே 2000ஆம் ஆண்டில், அதே சாலையில் சில கல் தெற்கே, கண்ணகி நகர் தோன்றியது. நகரின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் தலைமுறைகளாக வாழ்ந்த மக்களை அகற்றி அங்குக் குடியேற்றினர். இன்று அங்கு 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் உள்ளன. பின்னர் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் தோன்றின. அவ்வாறு சென்றோரில் நம் மக்கள் மிகப்பலர். பள்ளி மாறியதனாலும் தொலைவினாலும் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் பலர். அவர்களின் தாய்மார் விடியற்காலையில் எழுந்து அதே கண்ணாடி மாளிகைகளைத் துடைக்கச் செல்கின்றனர். மாளிகையின் உள்ளே அவர்கள் நுழைகின்றனர் என்பது உண்மையே. எந்த வேலைக்கு நுழைகின்றனர் என்பதே கேள்வி.

தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீடு இல்லை. அங்கு வேலை பெரும்பாலும் தெரிந்தவர் பரிந்துரையால் கிடைக்கிறது. நமக்குத் தெரிந்தவர் குறைவு. கடல் கடந்து சென்றாலும் சாதி உடன் வருகிறது என்பதற்கும் சான்று உண்டு. கணினி நிறுவனங்கள் நிறைந்த அமெரிக்க நகரமாகிய சியாட்டில், 2023 பிப்ரவரியில், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

நம்மவர் உள்ளே செல்வது நமக்கு வேலை கிடைப்பதற்கு மட்டும் அன்று. ஆராய்ச்சிச் சாலையில் எந்த வினா எழுப்பப்படுகிறது என்பது, அங்கு அமர்ந்திருப்பவர் எதைக் கண்டு வளர்ந்தவர் என்பதைப் பொறுத்தது. மனிதன் மலக்குழியில் இறங்கி மூச்சடைத்து மாள்வது இந்நகரில் நூறாண்டுகளாக நடந்து வந்தது. நிலவுக்குக் கலம் அனுப்பிய நாட்டில் அக்குழிக்கு ஓர் இயந்திரம் செய்ய வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. தூய்மைப் பணியாளர் இயக்கங்கள் இடைவிடாது போராடின. 2013இல் சட்டம் வந்தது. அதன் பின்னரே, கிண்டி ஐ.ஐ.டி.யில் மலக்குழியைத் தூய்மை செய்யும் ஹோமோசெப் என்னும் இயந்திரம் உருவாகி, 2022இல் தமிழகத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. அவ்வியந்திரத்தைச் செய்வதற்கு வேண்டிய அறிவு பல்லாண்டுகட்கு முன்னரே இருந்தது. வினாவை எழுப்பும் குரல் உள்ளே இல்லை.

நாம் செய்ய வேண்டுவன

தென்சென்னை வெற்றி பெற்றதற்குரிய காரணங்களைத் தொகுத்து நோக்குவோம். பள்ளியும் பட்டறையும் அருகருகே அமைந்தன. மக்கள் பணம் தலைமுறை தலைமுறையாகப் பொறுமையோடு விதைக்கப்பட்டது. அறிவுடையோர் ஒருவரோடொருவர் கலந்து பழகினர். இம்மூன்றும் பல ஊர்களில் உண்டு. நான்காவதாக, போராட்டத்தினால் வாயில் படிப்படியாக அகன்றது. அதுவே தென்சென்னைக்கு ஆட்பெருக்கத்தையும் ஆற்றலையும் தந்தது. வாயில் அகன்றது எவருடைய கருணையாலும் அன்று. அயோத்திதாசர் முதல் அம்பேத்கர் வரை, பெயர் தெரியாத இரவுப் பள்ளி ஆசிரியர் முதல் விடுதிக் காப்பாளர் வரை, பலர் சேர்ந்து தள்ளிய கதவு அது.

இளைஞர்களே! வேலை கிடைத்தவுடன் நம் பகுதியை மறந்துவிடாதீர்கள். மயிலாப்பூர் இல்லத்துக் கூடம் ஒரு நிலையமாக வளர்ந்ததைக் கண்டோம். நம் சங்கக் கட்டடத்தின் மாலை வகுப்பு ஏன் அவ்வாறு வளர இயலாது? பொறியியல் முடித்தவர் வாரத்தில் இரண்டு மாலை வந்து கணிதமும் கணினியும் சொல்லிக் கொடுக்கலாம். நிறுவனத்தில் பணிபுரிபவர் அங்குள்ள வேலை வாய்ப்புகளை நம் பிள்ளைகளுக்கு அறிவித்து, நேர்முகத் தேர்வுக்குப் பழக்கலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் படிப்பவனும் ஐ.ஐ.டி.யில் படிப்பவனும் ஒரே பாயில் அமர்ந்து பேசும் இடம் ஒன்று நமக்கு வேண்டும். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் சென்றுவிட்ட நம் குடும்பங்களின் பிள்ளைகளை அப்பாயில் முதலில் அமர்த்த வேண்டும்.

மூத்தோர்க்கும் ஒரு வேண்டுகோள். உதவித்தொகை காலத்தில் வரவில்லையெனில், விடுதியில் குடிநீர் இல்லையெனில், அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இல்லையெனில், அவற்றைச் சிறு குறைகள் என்று விட்டுவிடாதீர்கள். மனு எழுதுங்கள்; அலுவலகப் படியேறுங்கள். ஒரு மாணவன் ஓராண்டு படிப்பை இழந்தால் ஒரு குடும்பம் ஒரு தலைமுறை பின்தங்குகிறது.

அளவைப் பள்ளியில் அன்று சேர்ந்தோர் எண்மர். நம் சங்கத்தின் மாலை வகுப்பிலும் எட்டுப் பேர் அமர்ந்தால் போதும், அங்கிருந்து தொடங்குவோம்.